காணாததும் இல்லாததும்

பகல் இரண்டு மணிக்கு லண்டன் ஃப்ளாட் ஒன்றில், புதிதாகப் பொருத்திய ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு வரும் கம்பியில் டெஸ்டரை வைத்தால் அது ஒன்றும் காட்டாது. விளக்கு எரியாது, ஒலி எழாது. கரண்ட் இல்லை, கை வைக்கலாம் என்று தோன்றும். நள்ளிரவு கடந்ததும் அதே கம்பியில் 230 வோல்ட் வந்து நிற்கும். எந்தச் சுவிட்சையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

காரணம் எளியது. பிரிட்டனில் 1978இல் எகானமி 7 என்ற கட்டண முறை வந்தது. இரவில் ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்த நேரத்தில் கல்லைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அந்தச் சூட்டை மெல்ல அறைக்குள் விடும் பெட்டிதான் ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே அடுக்கியிருக்கும் கனமான கற்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால் ஆனவை. முழுதாகச் சூடேறும்போது அவை 600 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பெரிய ஹீட்டர் 3.4 கிலோவாட், ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய 24 யூனிட் எடுத்துக்கொள்ளும். கல் அடுக்கிய பிறகு எடை நூறு கிலோவுக்கு மேல். இதற்கான கரண்ட் வீட்டின் மற்ற சுற்றுகளோடு சேராமல், தனிப் பலகையிலிருந்து, ஒரு நேரச் சுவிட்சின் வழியாக வரும். பல வீடுகளில் அந்தச் சுவிட்சை இயக்கியது பிபிசி ரேடியோ 4இன் 198 கிலோஹெர்ட்ஸ் நீளலையில் ஏறி வந்த ஒரு மௌனமான சமிக்ஞை. 2025இலிருந்து அந்த ஏற்பாடு படிப்படியாக மூடப்படுவதால்தான் இப்போது எனக்கு இந்த ஹீட்டர்களை மாற்றும் வேலை அதிகம்.

பகலில் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. கரண்ட் அப்போது அங்கே இல்லைதான். ஆனால் நான் அறிய வேண்டியது அதுவல்ல. இந்தக் கம்பி முறையாகத் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதே என் கேள்வி. புது ஹீட்டர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லைச் சூடாக்க இரவுக் கரண்ட் ஒன்று, காற்றாடிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கரண்ட் ஒன்று என ஒரே பெட்டிக்குள் இரண்டு வழிகள் நுழையும். ஒன்றை அடைத்துவிட்டு நிம்மதியாகக் கை வைப்பவனை மற்றது பிடித்துக்கொள்ளும்.

நான் யாழ்ப்பாணத்தில் சைவசித்தாந்தம் படித்து வளர்ந்து, கிழக்கு லண்டனில் மின்வேலை செய்கிறவன். இந்த வெறுங்கம்பியின் முன்னால் முழங்காலிட்டு உட்காரும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது சிவஞான சித்தியாரின் அளவை இயல். 13ஆம் நூற்றாண்டில் இந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைத் தொடங்குவதே, எதை வைத்து எதை அறிகிறோம் என்ற கேள்வியோடுதான். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று ஆறு வழிகளைச் சொல்கிறார். மேலும் நான்கு சேர்ப்பவர்களையும் குறிப்பிடுகிறார். எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். எங்களுக்குப் பாடம் சொன்ன பண்டிதர் நான்காவதாக வரும் அபாவத்தில் நெடுநேரம் நிற்பார். ஒரு பொருள் இல்லை என்பதை அறிவது எப்படி? தரையைப் பார்க்கிறோம், குடம் தெரியவில்லை, ஆகவே குடம் இல்லை. சரி, இருட்டில் பார்த்தால்? அப்போதும் குடம் தெரியாதுதான். அதை வைத்துக் குடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் பழைய தருக்க நூல்கள் காட்டும் நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பௌத்தரான தர்மகீர்த்தி இதைக் கறாராகப் பிரித்தார். காணக்கூடிய பொருள் காணப்படாவிட்டால்தான் அதன் இன்மை உறுதியாகும். இயல்பாகவே கண்ணுக்குப் படாத ஒன்று, பிசாசு போன்றது, தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு கட்ட வழியில்லை. அவரோடு பல விஷயங்களில் மோதிய வைதிக மரபினரும் இந்த நிபந்தனையை ஏற்றார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டுமே, தெரியாமை இன்மைக்குச் சான்று.

பகல் இரண்டு மணி இரவுக் கரண்டுக்கு இருட்டு. அந்த நேரத்தில் டெஸ்டர் மௌனமாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. பலகையில் பிரேக்கரை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். பிறகு, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில், அல்லது அதற்கென்றே செய்த சிறு கருவியில், டெஸ்டரை வைத்து அது காட்டுகிறதா என்று பார்க்கிறேன். அடுத்து ஹீட்டரின் கம்பிகளில் ஒவ்வொரு இணையாக வைத்துப் பார்க்கிறேன். மூன்றாவதாக, மறுபடியும் முதல் இடத்துக்குத் திரும்பி டெஸ்டரைச் சோதிக்கிறேன். நடுவில் பார்த்த அந்த நேரத்தில் டெஸ்டரின் மின்கலம் தீர்ந்திருந்தால்? அதன் கம்பி உள்ளே அறுந்திருந்தால்? முன்னும் பின்னும் அது உயிரோடு இருந்தது தெரிந்த பிறகே, நடுவில் அது காட்டிய மௌனத்தை நான் நம்பலாம். இரண்டு கரண்ட் வழிகளுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அறிவைச் சரிபார்க்க இன்னோர் அறிவு வேண்டுமென்றால், அந்த இரண்டாம் அறிவைச் சரிபார்ப்பது எது? பௌத்தரான நாகார்ச்சுனர், நியாயம் என்ற தருக்க மரபைச் சேர்ந்த நியாயவாதிகளை இந்தக் கேள்வியால்தான் மடக்கினார்: அளவையை நிறுவ இன்னோர் அளவை வேண்டும், அதற்கு இன்னொன்று, முடிவே இல்லை. பின்வந்த வைதிக மரபினரான மீமாம்சகர்கள் வேறு வழியில் போனார்கள். அறிவு தோன்றும்போதே சரியானது என்று கொள்ள வேண்டும், அதைப் பொய்யாக்கும் ஒன்று எதிர்ப்படும் வரையில் ஐயப்படத் தேவையில்லை என்றார்கள். நியாயவாதிகள் ஒப்பவில்லை. அறிவின் சரிமை அதற்கு வெளியிலிருந்தே தெரிய வரும், செயலில் இறங்கிப் பலன் கிடைக்கும்போதே உறுதியாகும் என்றார்கள். பாடத்தில் இருந்த காலத்தில் இது பண்டிதர்களின் சண்டையாகவே எனக்குத் தெரிந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் இரண்டு பேருமே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள் என்று கண்டேன்.

ஒரு ஃப்ளாட். மகள் வாங்கியது, தாய் தனியாக இருக்கிறார். வடமராட்சிக்காரர், எண்பதைக் கடந்தவர். நான்கு அறைகளிலும் பழைய ஹீட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை பொருத்தினேன். 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய ஹீட்டர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், கழற்றும் முன்பே அவற்றின் மாதிரி எண்ணையும் வயதையும் உறுதிசெய்திருந்தேன். வேலை முடிகிற நேரத்தில் ஆச்சி வந்து சுவரோரம் நின்றார்.

“தம்பி, இண்டைக்கு ராவு நான் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாமோ?”

அவர் கேட்டது ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லைத்தான். அவர் தூங்க வேண்டும். தூங்குகிறவர் ஐயப்பட்டுக்கொண்டே தூங்க முடியாது. வீட்டில் வாழ்கிற எல்லாரும் மீமாம்சகர்களாகவே இருக்க வேண்டியிருக்கிறது: தவறு தெரியும் வரையில் எல்லாம் சரி. அப்படி அவர் படுக்க உரிமை பெறுவது, அதற்கு முன்னால் அங்கே வேலை செய்தவன் நியாயவாதியாக இருந்திருந்தால் மட்டுமே. அவன் எதையும் தோன்றியபடியே ஏற்றிருக்கக் கூடாது. அவருடைய ஐயம் முழுவதையும் அவன் தன்மேல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இது மிகைப்பேச்சு என்று யாருக்காவது தோன்றினால், ரோனன் பாயின்டை நினைத்துக்கொள்ளட்டும். கிழக்கு லண்டன் கேனிங் டவுனில் அப்போதுதான் கட்டி முடித்த 22 மாடிக் குடியிருப்பு. 1968 மே 16ஆம் தேதி அதிகாலை, 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீருக்காக எரிவாயு அடுப்பைப் பற்ற வைத்தார். வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தவர் பிழைத்துக்கொண்டார். கட்டடத்தின் பலவீனம் தனிக் கதை. வாயு கசிந்ததற்குக் காரணமாக விசாரணையில் தெரிய வந்தது, புதிதாகப் பொருத்திய அடுப்பைக் குழாயோடு இணைத்த தரங்குறைந்த பித்தளை நட் ஒன்று உடைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது மற்ற எந்த நட்டையும் போலத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த வகைக் கோபுரங்கள் பலவற்றில் எரிவாயுவை எடுத்துவிட்டு மின்சாரத்தால் சூடாக்கும் வழிக்கு மாறினார்கள். இந்த ஊர் மாடி வீடுகளில் இத்தனை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் இருப்பதற்கு அந்த நட்டும் ஒரு காரணம்.

ஆகவே ஆச்சிக்குப் பதில் சொல்லும் முன் செய்ய வேண்டியவை இருந்தன. கரண்டை விடாமலே சில சோதனைகள். ஹீட்டரின் உலோக உடலிலிருந்து பலகைவரை எர்த் கம்பி அறுபடாமல் ஓடுகிறதா? கம்பிகளின் உறை தாங்குமா? உறைக்கு 500 வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்துப் பார்ப்போம். குறைந்தது ஒரு மெகாஓம் தடை வேண்டும் என்பது பிஎஸ் 7671 என்ற பிரிட்டன் தரவிதி. நல்ல புதுக் கம்பியில் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வரும். இந்தச் சோதனையின்போது ஹீட்டரின் மின்னணுப் பலகையைக் கழற்றி வைக்காவிட்டால் அது கெட்டுப்போகலாம். படுக்கையறை ஹீட்டரின் சூடேற்றும் கம்பியில் மட்டும் அளவு குறைவாக வந்தது. அது ஈரக் கிடங்கில் இருந்த பெட்டி. அந்தக் கம்பியைச் சுற்றி நிரப்பும் தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வேறொன்றை வரவழைத்து மாற்றினேன். சூடேறினால் ஈரம் போய் அளவு உயரும் என்று பலர் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அப்படித்தான் உயரவும் செய்யும். ஆனால் எண்பது வயதுக்காரர் படுக்கும் அறையில் ‘பெரும்பாலும்’ போதாது என்பது என் தீர்மானம்.

பிறகு கரண்டை விட்டுச் செய்யும் சோதனைகள். எர்த் பக்கம் கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிடி, 30 மில்லியாம்பியர் கசிவில் 300 மில்லிசெக்கண்டுக்குள் விழ வேண்டும். அதன் முகத்தில் டெஸ்ட் என்று எழுதிய ஒரு பொத்தான் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வோம். அழுத்தினால் விழும், மனம் நிறையும். ஆனால் எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆர்சிடி விழும். அது தன் பொறி வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு சோதனை எதைச் சோதிக்கவில்லை என்று தெரியாதவனுக்கு அது தரும் நிம்மதி ஆபத்தானது.

முதல் சூட்டைப் பற்றி ஆச்சியிடம் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. புது ஹீட்டர் முதன்முறை முழுச் சூடு ஏறும்போது மணக்கும், சிலவேளை மெல்லிய புகைகூடத் தெரியும். உள்ளே வெப்பத்தைக் காக்கும் பஞ்சுப் பலகையின் பசையும், உலோகத்தில் ஒட்டிய எண்ணெயும் எரிந்து போவதால் வருவது. அந்த இரவு சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அந்த அறையில் படுக்கக் கூடாது. பறவைக் கூண்டு வைத்திருப்பவர்கள் அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். “புகை வந்தால் நெருப்பில்லையோ தம்பி?” என்று கேட்டார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு: இந்திய தருக்கத்தின் பழைய எடுத்துக்காட்டு அது. அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு நூல்கள் காட்டுவது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வருவதற்கு நெருப்போடு ஈர விறகும் வேண்டும் என்று மறைந்திருந்த நிபந்தனையை எடுத்துக் காட்டுவார்கள். ஆச்சியின் கூடத்தில் இருப்பது ஏறக்குறைய அந்த இரும்புக் குண்டேதான். கேடு வரும்போது அதில் முன்கூட்டியே புகை தெரியும் என்று எதிர்பார்ப்பதும் தவறு, முதல் இரவின் மணத்தைக் கேடு என்று கொள்வதும் தவறு. எது எந்த நிபந்தனையால் வருகிறது என்று தெரிந்தவன் உடனிருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் நாளும் மணம் நிற்காவிட்டால், கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தால், சுவிட்சின் முகம் சுட்டால், உடனே அணைத்துவிட்டு அழைக்கச் சொன்னேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னோடு வாதாடினார். பழைய ஹீட்டரின் மேல்தட்டில்தான் அவருடைய சுவாமி படங்கள் இருந்தன: பிள்ளையார், நல்லூர்க் கந்தன், இறந்துபோன கணவர். புதியதிலும் அங்கேதான் வைக்க வேண்டும் என்றார். ஹீட்டரின் மேல் எதையும் வைக்கக் கூடாது, துணி போடக் கூடாது, திரைச்சீலை தொங்கக் கூடாது. சூடான காற்று போகும் வழி அடைபட்டால் உள்ளே வெப்பம் ஏறும். அதற்கென்று உள்ள வெட்டுப்பொறி கரண்டைத் துண்டிக்கும்; துண்டிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பது பற்றக்கூடும்.

“சாமி படத்தாலே தீங்கு வருமோ?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெய்வத்தின் காவலில் இருக்கிறோம் என்று நம்புகிறவர், அந்தக் காவலின் அடையாளமே ஆபத்து என்று சொல்லக் கேட்டால் கலங்கத்தானே செய்வார்? ஆச்சியிடம் நான் சொன்னது நான் உண்மையாக நம்புவது: கந்தன் காப்பான் என்றால், இந்தக் காற்று வழியை அடைக்காதே என்று தெரிந்த ஒருவனை உங்கள் வாசலுக்கு அனுப்புவதும் அவன் காவலில் அடங்கும். எதிர்ச்சுவரில் ஒரு தட்டு அடித்துக் கொடுத்தேன். படங்களை அவரே தன் கையால் எடுத்து வைத்தார்.

கடவுளைப் பற்றியும் இதே அபாவக் கேள்வி இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் இளைஞன், நல்ல பையன், மதிய உணவு வேளையில் கேட்பான்: எங்கும் தெரியவில்லையே அண்ணை, பிறகு ஏன் இருக்கு எண்டு சொல்லுறியள்? பிற கொள்கைகளை மறுக்கும் சித்தியாரின் பரபக்கம் முதலில் எதிர்கொள்வதே காட்சியைத் தவிர வேறொன்றையும் ஏற்காத உலகாயதனைத்தான். சிவம் கண்ணால் காணக்கூடிய பொருள் அல்ல, ஆகவே தெரியாமை இன்மைக்குச் சான்றாகாது என்பது எளிதான விடை. அந்த விடை சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. அதே காரணத்தால்தான் பிசாசையும் மறுக்க முடியாது என்று தர்மகீர்த்தி காட்டினார். மறுக்க முடியாமை என்பது இருப்பதற்குச் சான்றல்ல. அவனுடைய டெஸ்டர் சரியான இடத்தில் வைக்கப்படவில்லை என்று சொல்லும் நான், என்னுடையதை எங்கே வைத்துச் சரிபார்த்தேன் என்றும் சொல்ல வேண்டும். கோயிலில் தீபாராதனை நேரத்தில் நெஞ்சில் எழுவதை நான் அருள் என்கிறேன். அது வெறும் பழக்கத்தின் நெகிழ்வாகவும் இருக்கலாம். சித்தாந்தம் காட்டும் சோதனை, அந்த அறிவு ஆணவத்தைக் குறைக்கிறதா என்பது. நான் என்னில் தேடிப் பார்ப்பதும் அதையே. கோயிலுக்குப் போய் வந்த நாளில் நான் மற்றவரிடம் கடுமை குறைந்தவனாக இருந்தால் அது ஒரு முன்சோதனை. அடுத்த நாளும் அப்படி இருந்தால் அது பின்சோதனை. இவ்வளவுதான் அவனிடம் என்னால் சொல்ல முடிந்தது. இதை அவன் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை.

உரை என்ற மூன்றாம் அளவைக்கு வருகிறேன். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யாருடைய சொல்லை ஏற்கலாம் என்று விளக்குகிறார். பொருளை நேரில் அறிந்தவன், அறிந்தபடியே மற்றவர்க்குச் சொல்ல விரும்பித் தூண்டப்பட்டவன். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார். குலத்தையும் மொழியையும் அவர் கேட்கவில்லை. கடல் கடந்து வந்து அந்நியர் வீட்டில் வேலை செய்யும் எனக்கு இந்த வரையறை பெரிய ஆறுதல்.

இங்கிலாந்தில் 2005 முதல், வீட்டில் புது மின்சுற்று போட்டால் கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கட்டம். சிலர் கொடுத்த சான்றிதழ்களை நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை எல்லா வரியிலும் ஒரே எண். நீளம் வேறான கம்பிகளுக்கு எர்த் சுற்றின் தடை ஒரே அளவாக வராது. அப்படி நிரப்பியவர் அளக்காமலே எழுதியிருக்கிறார். ஒருவேளை அந்த வீடு பாதுகாப்பாகவே இருக்கலாம். அப்போதும் அது பொய்ச்சாட்சி. அந்தத் தாளை நம்பி அங்கே குழந்தைகள் உறங்குகிறார்கள். நம் சமயத்தில் பாவம் என்ற சொல்லை நாம் எத்தனையோ சிறிய காரியங்களுக்குச் செலவழித்துவிட்டோம். இந்தக் கட்டத்தில் அளக்காத எண்ணை எழுதுவதற்கு அதை வைத்திருக்கலாம்.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டுதான். நியாய மரபின் உதயணர் அதைச் சொல்லிவிட்டார்: ஐயம் நம் செயலோடு முரண்படத் தொடங்கும் இடத்தில் முடிகிறது. பசியை உணவு தீர்க்குமா என்று ஐயப்படுகிறவனும் உண்ணவே கை நீட்டுகிறான். அளவுகள் எல்லாம் சரியாக வந்து, அவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்த பிறகும் ஆச்சியை உறங்க விடாமல் வைத்திருப்பது அறிவு அல்ல. முதல் இரவு கூடத்து ஹீட்டரை மட்டும் ஏற்றினோம். மறுநாள் காலையில் மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தேன். இரவுக்கணக்கில்தான் எண் ஏறியிருந்தது, பகற்கணக்கு அதிகம் அசையவில்லை. கம்பி சரியான பலகையில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. படுக்கையறையைக் கடைசியாக ஏற்றி, அந்த இரவு அவர் மகள் வீட்டில் படுத்தார். அதன் பிறகே “நித்திரை கொள்ளலாம் ஆச்சி” என்றேன்.

படிவத்தில், நான் தொடாத பழைய சுற்றுகளில் கண்ட குறைகளை எழுதவும் ஓர் இடம் உண்டு. சமையலறையில் கெட்டிலுக்கான சாக்கெட்டின் முகம் வெடித்திருந்தது, பின்னால் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. ஹீட்டர் வேலையோடு அதற்குத் தொடர்பில்லை. எழுதி, அடுத்த பரிசோதனைக்கான தேதியையும் இட்டு, மகளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.